பரலோக மந்திரத்தில் எண்ணிய நாடி

சேசு மரி சூசை துணை

பாலகாட் லைன், கோலார் தங்கவயல்
1905 ஆகஸ்டு 9

அன்பு மகள் ஃப்ளோராவுக்கு அம்மா ஆயிரம் முத்தத்தோடு எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் சுகம், அப்பாவும் சுகம், இதை முதலில் நம்பு. ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். கப்பல் ஏறி வருகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஏழு மாத வயிற்றோடு கடலா? வராதே என்று நேற்றே தந்தி கொடுத்துவிட்டோம். தந்தியின் நாலு வார்த்தையை நீ நம்பமாட்டாய், பிடிவாதக்காரி, அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா சுரங்கத்து ஷிப்டில் தலைசுற்றி உட்கார்ந்து, கேஜ் கூண்டில் மேலே ஏற்றி அனுப்பினார்கள் அல்லவா, அன்றைக்கே ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மாணிக்கராஜ் சொன்னார், தெனம் சாயங்காலம் ஒரு நிமிஷம் நாடி எண்ணுங்கம்மா, நூறு தாண்டினா வந்து சொல்லுங்க என்று. நம் வீட்டில் ஏது கடிகாரம்? அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி என்னைச் சொல்லவைத்தார், பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே என்கிற பரலோக மந்திரம் நிதானமாக இரண்டு தடவை சொன்னால் சரியாக ஒரு நிமிஷம். ஒரு கை அப்பா மணிக்கட்டில், மறு கையில் செபமாலை, துடிப்புக்கு ஒரு மணி, வாயில் மந்திரம். முதல் நாளே நூற்றிருபத்தாறு. மறுநாளும் அப்படியே. டிரெஸ்ஸரிடம் சொன்னால் ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து உனக்கு மட்டும் எழுதினேன், பாவி நான். மூன்று வாரமாக அப்பாவைப் பாயை விட்டு எழ விடவில்லை. எனக்கு ஒண்ணுமில்லடி, பசிக்குது என்று அவர் கத்தியதும் என் காதில் ஏறவில்லை.

முந்தாநாள் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு டிரெஸ்ஸரிடம் ஓடினேன், மகள் கப்பலில் வந்து சேர்கிறவரை இவர் இருப்பாரா என்று கேட்டு அழுதேன். அவர் பதறிக் கூடவே வந்து, கடிகாரத்தை வைத்து எண்ணினால் எண்பத்து நாலு. நான் என்ன பொய்யா எண்ணினேன் என்று எனக்குக் கோபம். சரி, என் எதிர்ல எண்ணுங்க என்றார். முள் ஒரு சுற்று முடிந்து இன்னும் அரைச் சுற்று போயிற்று, நான் இரண்டாவது மந்திரத்தையே முடிக்கவில்லை. இன்னாம்மா, உங்க நிமிஷம் ஒன்றரை நிமிஷம் ஓடுதே என்றார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மந்திரத்தில் ஆண்டவரிடம் உம்முடைய சித்தப்படி ஆகட்டும் என்று சொல்கிற இடம் இருக்கிறதே, அங்கே என் வாய் நின்றுபோகிறது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஆகட்டும் என்று எப்படியம்மா சொல்வேன்? நான் அங்கேயே நிற்பேன், அப்பா நாடி அதுபாட்டுக்கு அடிக்கும், மணி நகர்ந்துகொண்டே இருக்கும். பிறகு டிரெஸ்ஸர் என் கையைப் பிடித்துப் பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டு. மருந்தை இவளுக்குக் குடுங்க சார் என்று அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு வெங்கடம்மா எட்டிப் பார்த்தாள்.

நடந்துவந்த கையோடு எண்ணினாலும், சுடச்சுடக் காப்பி குடித்துவிட்டு எண்ணினாலும், பயந்தாலும் நாடி வேகமாக ஓடுமாம், கொஞ்சம் உட்கார்ந்து ஆறியபிறகுதான் பார்க்க வேண்டுமாம். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொஞ்சம் வேகமாகத்தான் இருக்குமாம், நீ எண்ணிப் பார்த்துப் பயப்படாதே. வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர்க் குடம் தூக்காதே. திங்கட்கிழமை அப்பா வேலைக்கு இறங்குகிறார்.

நீ வந்தால் எனக்கு ஆசை இல்லாமலா? ஆனாலும் வராதே. பிள்ளை பிறந்ததும் மாப்பிள்ளையை அன்றைக்கே தந்தி கொடுக்கச் சொல், மறக்காதே. இன்று காலைப் பூசையிலும் மந்திரத்தின் அந்த இடத்தில் வாய் நின்றுவிட்டது, அப்பாவுக்காக இல்லை. உன் தந்தி வந்தபிறகு மந்திரத்தைச் சொல்லி முடிக்கிறேன். மாதா உன்னைத் தன் மடியில் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் அம்மா
மரியகுழந்தை