ஏழாம் அறையில் கல் பாடம்

புயல் நாள் 1. நேரம் 10:20
பாடத்துக்குக் கரைத்து வைத்த சுண்ணாம்பு நீரின் மேல் ஏடு படிந்திருந்தது. ஆறிய பாலில் படிவதுபோல, மெல்லியதாக. மூடி போடாமல் வைத்தது என் தவறு. வடிகட்டி வேறு குவளையில் ஊற்றினேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் படிந்தது.

மற்றபடி எல்லாம் ஒழுங்கு. நிலவு, தெற்குச் சுரங்கக் குடியிருப்பு, ஏழாம் அறை. சூரியப் புயல் அறிவிப்பு வந்ததும் பிள்ளைகள் ஏழு பேரோடு உள்ளே வந்து கதவை மூடினேன். பெரியவர்கள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, முதல் கூடத்தில் அடைந்திருக்கிறார்கள். கதிர்வீச்சு தணிய ஐந்து நாள் ஆகுமாம்.

நான் கொளஞ்சி. வயது பதினாறு. வகுப்பு உதவியாள். பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று மீட்டரைப் பார்த்து, கரியமில வாயு நூற்றுக்கு எத்தனை என்று இந்தக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒன்றைத் தாண்டக் கூடாது. கரியமில வாயு: 0.4.

புயல் நாள் 1. நேரம் 14:20
கரியமில வாயு: 0.4.
ரெஜினா டீச்சர் முதல் கூடத்திலிருந்து ஒலிபெருக்கி வழியே பாடம் நடத்துகிறார். பேச்சை அப்படியே 'பதிவு' என்று போட்டு எழுதுகிறேன். கல்லை எடுத்துக் காட்டுவது நான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். டீச்சர் ஏதாவது கேட்டால் விடை தெரிந்தாலும் எனக்கு வாய் வராது. நல்லவேளை, என்னைக் கேட்பதில்லை.

பதிவு:
"நகத்தால கீறிப் பாருங்க. எதுல கீறல் விழுது?"
"மாக்கல்ல மிஸ்! ஜிப்சத்துலயும்! என் நகம் ஒடஞ்சுருச்சு மிஸ்!"
"குவார்ட்ஸைக் கீறினியா, முகிலரசி?"
"இல்ல மிஸ். ஷபீர் மண்டைய."
"புரிஞ்சுதா எல்லாருக்கும்?"
"புரிஞ்சுது மிஸ்!"

பெட்டியில் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் ஒன்று இருக்கிறது. அம்மா அந்தக் கல்லை வெட்டும் பள்ளத்தில்தான் வேலை செய்தாள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

புயல் நாள் 2. நேரம் 09:40
கரியமில வாயு: 0.4.
இன்று சுண்ணாம்புக்கல் பாடம். கல்லின் மேல் புளிக்காடி, அதாவது வினிகர், விட்டோம். நுரைத்தது. அந்த நுரையில் வருவது கரியமில வாயு, அதைச் சுண்ணாம்பு நீருக்குள் விட்டால் நீர் வெளுக்கும், அந்த வெளுப்பு திரும்பவும் சுண்ணாம்புக்கல்தான் என்றார் டீச்சர். கல்லிலிருந்து போனது கல்லாகவே திரும்பி வருகிறது. எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

பதிவு:
"என்ன சத்தத்தையே காணோம்? கல்லுன்னா தூக்கம் வருதா?"
"தலை வலிக்குது மிஸ்."
"பாடம்னா எல்லாருக்கும் தலை வலிக்கும், ஷபீர். புரிஞ்சுதா?"
"புரிஞ்சுது மிஸ்."

இரண்டு குரல்தான் வந்தது.

புயல் நாள் 2. நேரம் 13:40
கரியமில வாயு: 0.4.
காற்றைக் கவனிக்கும் பொறியாளர் சாலமோன் சார் முதல் கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

பதிவு:
"எல்லாம் சரியா இருக்காம்மா?"
"சரி சார்."

புது சுண்ணாம்பு நீர் ஊற்றிக் கடிகாரம் பார்த்தேன். ஆறு நிமிடத்தில் ஏடு. நேற்று அரை மணி. காற்றிலிருக்கும் கரியமில வாயுதான் ஏட்டை உண்டாக்குகிறது என்றால், இன்று அது கூடியிருக்க வேண்டும். மீட்டர் அப்படிச் சொல்லவில்லை. மீட்டரை விட எனக்கா தெரியும்?

புயல் நாள் 2. நேரம் 17:40
0.4.
சாலமோன் சார் மறுபடி கேட்டார். சரி சார் என்றேன்.

புயல் நாள் 3. நேரம் 09:40
0.4.
மூன்று நிமிடத்தில் ஏடு. இரண்டு முறை பார்த்தேன். சின்னவன் இளமாறன் வாந்தி எடுத்தான். எல்லோரும் ஓடிவந்தவர்கள்போல மூச்சு வாங்குகிறார்கள். யாரும் ஓடவில்லை. எனக்கும் கண்ணுக்குப் பின்னால் இடிக்கிறது. நேற்று எழுதியதைப் படித்தால் இரண்டு வரி புரியவில்லை.

மீட்டரின் துளையில் வாயை வைத்து ஊதினேன். மனிதர் ஊதினால் எண் ஏற வேண்டும். 0.4. மறுபடி ஊதினேன். 0.4.

மைக்கின் முன்னால் நான்கு நிமிடம் நின்றேன். பிறகு பொத்தானை அழுத்தினேன்.

பதிவு:
"சார். கொளஞ்சி பேசறேன். இங்க சரியில்ல சார்."
"என்னம்மா சரியில்ல?"
"காத்து. சுண்ணாம்புத் தண்ணி மூணு நிமிஷத்துல ஏடு கட்டுது."
"மீட்டர் எனக்கும் 0.4 தான் காட்டுது. அடைஞ்சு கெடந்தா அப்படித்தான் இருக்கும். புள்ளைங்களுக்குக் கதை ஏதாவது சொல்லு."
"சார், உங்க திரையைப் பாத்துக்கிட்டே இருங்க. ஏழு பேரையும் மீட்டர்ல ஊதச் சொல்றேன்."
(ஊதினார்கள்.)
"ஊதிட்டாங்களா?"
"ஊதிட்டாங்க சார்."
"நகரவே இல்லையே."
"ஆமா சார்."
"எப்பலேருந்து இப்படி?"
"மொத நாள்லேருந்தே இருக்கும் சார்."
"நேத்து ரெண்டு தரம் கேட்டேனேம்மா. சரின்னுதானே சொன்ன?"
"ஆமா சார்."

புயல் நாள் 3. நேரம் 10:30
கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும் பெட்டியை இங்கே உறிஞ்சி என்பார்கள். சார் சொன்னபடி அதன் மேல் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருக்க வேண்டுமாம். சில்லென்று இருந்தது. வேலை செய்யவில்லை.

மாற்று உறிஞ்சி சரக்கறையில் இருக்கிறது. காற்றுள்ள வெளி நடைபாதையில் இருநூறு மீட்டர். நடைக்கு மேலே ஒரு முழம் மண்தான், கதிர்வீச்சைத் தாங்காது. கதவைத் திறந்து வைத்தால் அறைக்குள்ளும் அது வந்துவிடும். முதல் கூடத்திலிருந்து வருவதானால் திறந்த வெளியில் வர வேண்டும், வருகிறவர் வந்து சேர மாட்டார். புயல் அடங்க இன்னும் இரண்டு நாள். இந்தக் காற்று நாளை காலை வரைக்கும் தாங்காது என்றார் சார்.

பதிவு:
"நான் 'போ'ன்னு சொல்லமாட்டேம்மா. உன் வயசுல எனக்குப் பொண்ணு இருக்கு."
"சரி சார்."
"போகாதன்னும் சொல்ல முடியல."
"சார், டீச்சரைக் கூப்பிடுங்க. பாடம் நடத்தச் சொல்லுங்க. எல்லாரையும் படுக்க வச்சுடறேன். ஆளுக்கொரு கல்லு கையில குடுக்கறேன். டீச்சர் ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கேக்கணும். யாரையும் தூங்க விடக் கூடாது."
"கொளஞ்சி, டீச்சர்தான் பேசறேன். தலை வலிக்குதுன்னப்ப நான் திட்டினேன் அவங்கள."
"பரவால்ல டீச்சர். ஷபீர்லேருந்து ஆரம்பிங்க."

புயல் நாள் 3. நேரம் 10:55
புயல் காலத்தில் கதவு உள்ளிருந்து மட்டுமே திறக்கும். முகிலரசிக்குப் பன்னிரண்டு வயது, அவள்தான் மூத்தவள். மூன்று முறை தட்டினால் சக்கரத்தை இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்று சொன்னேன். திருப்பிக் காட்டச் சொன்னேன். காட்டினாள். "ஒனக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?" என்றாள். தெரியவில்லை என்றேன்.

குறிப்பேட்டை எடுத்துப் போகிறேன். நடையில் யாராவது என்னைக் கண்டால், முதலில் உறிஞ்சியை ஏழாம் அறைக்குள் கொண்டுபோங்கள். என்னைப் பிறகு பார்க்கலாம்.

11:20
சரக்கறை. விளக்கு இல்லை. எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி. தடவித் தடவி

11:50
கிடைத்தது. கனமில்லை. வாய் கசக்கிறது. ஒருமுறை வாந்தி. நடையில் காற்று நன்றாக இருக்கிறது, தலைவலி குறைந்துவிட்டது. அவர்களுக்குக் குறைந்திருக்காது.

12:10
பாதி வழி. உட்கார்ந்துவிட்டேன். எழுந்தேன்.

12:25
கதவுக்கு வந்துவிட்டேன். காதை வைத்துக் கேட்டேன். டீச்சரின் குரல் கேட்கிறது. "கையில என்ன வச்சிருக்க? வழவழன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா? சொல்லு ஷபீர். முகிலரசி, நீ சொல்லு. முகிலரசி."
மூன்று முறை தட்டினேன்.

12:27
டீச்சர் குரல் மட்டும். எல்லாருடைய பெயரையும் சொல்கிறார்.
தட்டினேன்.

12:28
உறிஞ்சியைக் கீழே வைத்தேன். இரண்டு கையாலும் தட்டினேன். முகிலரசி என்று கத்தினேன். இவ்வளவு சத்தமாக நான் கத்தியதே இல்லை.

12:30
கதவின் வெளிப்பக்கச் சக்கரம் கொஞ்சம் அசைந்தது, உள்ளே யாரோ திருப்புகிறார்கள். நின்றுவிட்டது.
மறுபடியும் தட்டினேன்.