இரைச்சல் எனத் தள்ளியவை

நாள் 212 | 08:40

நிலவு, கீழறை நிலையம். பணியில்: ரெஜினா பர்னாந்து, தகவல் தொடர்புப் பொறியாளர். தனி ஆள்.

காற்று இயல்பு. சுத்திகரிப்பான்கள் இரண்டும் ஓடுகின்றன. வெப்பமானிக் கேபிளைச் சோதித்தேன். அறுபது மீட்டர் பாறையைத் துளைத்து மேலே போகும் இரண்டு செப்புக் கம்பிகள். பாறையின் சூட்டை அளப்பதைத் தவிர இதற்கு வேறு வேலை கிடையாது. சரியாக இருக்கிறது.

மேல் முகாமில் துளைக்கருவிக்குப் பொறுப்பாளன் சுடலைமுத்து. தினமும் காலையில் கேட்பதை இன்றும் கேட்டான்.

"ரெஜினாக்கா, சாப்டியளா? தனியா ஒரு மாதிரி இருக்குன்னா சொல்லுங்க. ரெண்டு நாள் முன்னாடியே ஆள மாத்திருதோம்."

"ஒன்னும் அவசரமில்லடே. நான் பாத்துக்கிடுதேன்."

காலை உணவு பொட்டல உப்புமா. இதைத் தயாரித்தவரை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும்.

நாள் 213 | 11:25

நில அதிர்வு, 09:52. நுழைவுச் சுரங்கம் இடிந்துவிட்டது. எனக்குக் காயமில்லை. ஒளியிழைக் கேபிள் அறுந்தது. வானொலி பாறையைத் தாண்டாது. சுத்திகரிப்பான்கள் ஓடுகின்றன. காற்று: 31 நாள்.

வெப்பமானிக் கேபிள் பிழைத்திருக்கிறது. நொடிக்கு 1200 பிட். ஒரு புகைப்படம் அனுப்ப அரை நாள் பிடிக்கும். அது போதும், என்னிடம் நூலேணி இருக்கிறது.

நூலேணி நான் எழுதிய மென்பொருள். பதினோரு வருடத்துக்கு முன் தூத்துக்குடியில், கடல் மிதவைகளின் பழைய கம்பிகளில் இணைய இணைப்புக் கொடுப்பதற்காக எழுதினேன். இரண்டு கம்பி இருந்தால் போதும், ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பி ஒப்பேற்றிவிடும். நான் வேலை பார்க்கும் இடத்தில் எல்லாம் இரு முனையிலும் அதை ஏற்றி வைப்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

12:40. இணைப்பு வந்துவிட்டது, எழுத்தில் மட்டும். யாரும் சிரிக்கவில்லை.

"அக்கா! இருக்கியளா? மாதாவுக்கு மெழுகுவத்தி நேந்துருக்கேன்க்கா, நம்ம சாமிக்கு கெடாயும் நேந்துருக்கேன்."

"ரெண்டுல ஒன்னு செய்யி போதும். நான் நல்லாத்தான் இருக்கேன்."

நாள் 215 | 18:10

துளைபோடும் வேலை இன்று தொடங்கியது. எனக்கு நேர் மேலே. பாறையில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு தெரிகிறது.

"பகல்ல மட்டும் ஓட்டுனா ஒரு நாளைக்கு மூணு மீட்டர்க்கா. இருவது நாள்ல வந்துருவோம். ராவும் பகலும் ஓட்டுனா பத்து நாள், ஆனா பயலுவ தாங்க மாட்டானுவ. எப்பிடி ஓட்ட?"

"எனக்குத்தான் முப்பது நாள் காத்து இருக்கே. ஒன்னும் அவசரமில்ல. பயலுவள தூங்க விடு."

காலை ஆறுக்கு ஓடத் தொடங்கி மாலை ஆறுக்கு நிற்கும். சரியான ஏற்பாடு.

சுடலையின் மனைவி மாரிச்செல்விக்குக் கோவில்பட்டியில் இந்த வாரம் பிரசவம். கைப்பிள்ளையைப் பார்க்க ஊருக்குப் போகாமல் எனக்காகப் பாறையைக் குடைந்துகொண்டிருக்கிறான்.

நாள் 218 | 10:05

சிறு அதிர்வு. கேபிள் எங்கோ நசுங்கியிருக்கிறது. திரையில் நடுநடுவே குப்பை எழுத்துகள்.

நூலேணியில் 'ஊகம்' என்றொரு பகுதி உண்டு. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கம்பி மெதுவானது என்பதால் முழுப் பேச்சையும் அனுப்பக் கட்டுப்படியாகாது. ஆகவே பேசுபவரின் பழைய பேச்சையெல்லாம் இரு முனையிலும் சேர்த்து வைத்திருக்கும். அடுத்து இவர் இதைத்தான் சொல்வார் என்று ஊகிக்கும். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கம்பியில் போகும். வித்தியாசம் ஒரு வரம்பைத் தாண்டினால் அது கம்பியின் இரைச்சல் என்று தள்ளிவிட்டு, ஊகித்ததையே காட்டும்.

சுடலையிடம் வரம்பை ஒன்பதிலிருந்து மூன்றுக்குக் குறைக்கச் சொன்னேன். என் முனையிலும் குறைத்தேன். குப்பை போய்விட்டது. பளிச்சென்று இருக்கிறது.

நாள் 220 | 07:30

இரண்டாவது சுத்திகரிப்பான் நின்றுவிட்டது. தூசி. திறந்தேன், கழுவினேன், மோட்டாரை மாற்றிப் பார்த்தேன். எரிந்துபோயிருக்கிறது.

காற்று: 9 நாள். மீதிப் பாறை 45 மீட்டர். பகலில் மட்டும் ஓட்டினால் 15 நாள். இரவும் ஓட்டினால் ஏழரை நாள். உடனே சொன்னால் பிழைப்பேன்.

07:55. எழுதி எழுதி அழித்தேன். இரண்டு வரிக்கு இருபத்தைந்து நிமிடம். எனக்கு இது பழக்கமில்லை.

"சுடலை, காத்து ஒம்பது நாள்தான் இருக்கு. ராவும் பகலும் ஓட்டுங்கடே. தயவுசெஞ்சி."

"சரிக்கா. நாங்க பாத்துக்கிடுதோம். ஒன்னும் கவலப்படாதீய."

கண் கலங்கிவிட்டது. ஒரே வார்த்தையில் சரியென்று சொல்லிவிட்டான். கேட்பதற்கு இத்தனை வருடம் என்னத்துக்குக் கூச்சப்பட்டேன் என்று தெரியவில்லை.

18:00. துளைக்கருவி நின்றது. இரவு ஓட்டத்துக்கு ஆள் மாற்றுகிறார்கள் போலும்.

20:30. இன்னும் ஓடவில்லை.

நாள் 221 | 18:20

இன்றும் ஆறுக்கு நிறுத்திவிட்டார்கள். கேட்டேன்.

"ராத்திரி ஏன்டே ஓட்டல?"

"சரிக்கா. வந்துருதோம்."

"புள்ள பொறந்துட்டா?"

"எல்லாரும் நல்லாருக்கோம்க்கா. நீங்க சாப்டியளா?"

"ஆணா பொண்ணா, அதச் சொல்லு."

"எல்லாரும் நல்லாருக்கோம்க்கா."

சுடலை இப்படிப் பேசுகிறவன் இல்லை. பிள்ளை பிறந்திருந்தால் எடை, நிறம், யார் ஜாடை, அதுவரை சொல்லாமல் விடமாட்டான்.

நாள் 222 | 05:15

இதைக் கண்டெடுக்கிறவருக்கு. மெதுவாகப் படியுங்கள். நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

நூலேணியின் கணக்கைத் திறந்து பார்த்தேன். வரம்பைக் குறைத்த பிறகு சுடலை பேசியதாக என் திரையில் வந்தவை 74. அவற்றில் கம்பி வழியாக உண்மையிலேயே வந்தவை 11. மீதியெல்லாம் ஊகம். "நாங்க பாத்துக்கிடுதோம்" என்றது சுடலை இல்லை. என் மென்பொருள்.

தள்ளிய பேச்சுகள் ஒரு கோப்பில் கிடக்கும். அதையும் திறந்தேன்.

நாள் 219: "அக்கா, பொட்டப்புள்ள! ரெண்டே முக்கா கிலோ! அப்பிடியே எங்கம்ம ஜாடை. உங்க பேர வைக்கணும்னு மாரிச்செல்வி ஒத்தக்கால்ல நிக்கா." இரைச்சல் எனத் தள்ளியிருக்கிறது.

நாள் 220: "அக்கா, நெசமாவே ஒன்னுமில்லியே? மனசுக்கு என்னமோ மாதிரி இருக்கு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, ராவோட ராவா ஓட்டிருதோம்." இரைச்சல் எனத் தள்ளியிருக்கிறது.

அவன் கேட்டிருக்கிறான். வாய்விட்டுக் கேட்டிருக்கிறான்.

நான் அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் மேல்முனை ஒரு சின்ன ரசீது அனுப்பும். 'ஏற்றது' அல்லது 'இரைச்சல்'. "சாப்டாச்சு" ஏற்றது. "குட் மார்னிங்" ஏற்றது. "காத்து ஒம்பது நாள்தான்" இரைச்சல். "தயவுசெஞ்சி" இரைச்சல்.

அதற்குப் பதிலாக மேல்முனைத் திரையில் என் பெயரில் என்ன வந்திருக்கும் என்று பார்க்க, பதினோரு வருடப் பேச்சிலிருந்து என்னை ஊகிக்கும் பட்டியலை எடுத்தேன். முதல் இடத்தில், 1914 முறை: "ஒன்னும் அவசரமில்ல."

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாள் 222 | 09:40

என் முனையில் ஊகத்தை அணைத்துவிட்டேன். இனி வருவது உண்மையான சுடலை. மேல்முனையை இங்கிருந்து மாற்ற முடியாது. நான்தான் பாதுகாப்பு என்று அந்த வழியை அடைத்து வைத்தேன்.

அனுப்பியவை:

"காப்பாத்துங்க." இரைச்சல்.
"வரம்ப ஒம்பதுக்கு மாத்து." இரைச்சல்.
"மூச்சு முட்டுது." இரைச்சல்.
"சுடலை நான் செத்துருவேன்." இரைச்சல்.

இந்தச் சொற்களை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதனால் இவை நான் இல்லையாம்.

10:15. ஏசினால் ஏற்கும். ஏசுவது பட்டியலில் மூன்றாம் இடம்.

"ஏல கிறுக்குப்பயல, ராத்திரியெல்லாம் தூங்குதியா? அறிவிருக்கா?"

ஏற்றது! பதில், கம்பி வழியே, அசல்:

"அக்கா பழைய ஃபார்முக்கு வந்துட்டாவ! இங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கோம். இப்பத்தான்க்கா நிம்மதியா இருக்கு."

சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். உவமைக்குச் சொல்லவில்லை.

13:30. பிளக்கைப் பிடுங்கினேன். கம்பியில் மின்னோட்டம் அறவே நின்றால் மேலே ஊகம் வாய் திறக்காது. 'இணைப்பு இல்லை' என்று சிவப்பு விளக்கு எரியும். பத்து நிமிடம் விட்டு மாட்டினேன். நான் விரலை வைப்பதற்குள் சுடலை:

"பயந்தே போயிட்டோம்க்கா. பிளக் கழண்டுட்டா? சரி சரி. நீங்க சொன்னா சரிதான்."

நான் சொல்லவில்லையடா. ஒரு எழுத்தும் அடிக்கவில்லை. கம்பியின் இரைச்சலையே என் பேச்சென்று எடுத்துக்கொண்டு மேலே ஊகம் பதில் சொல்லியிருக்கிறது.

நாள் 223 | 05:30

காற்று: 6 நாள். மீதிப் பாறை: 36 மீட்டர். இரவும் பகலும் ஓட்டினால் சரியாக 6 நாள். இன்று காலை தொடங்கினால் உண்டு. நாளை தொடங்கினால் இல்லை.

வழி ஒன்றுதான் தெரிகிறது. கேபிளை வெட்ட வேண்டும். பிளக்கைப் பிடுங்கினால் பயந்து மறுபடி மாட்டிவிடுவேன், வெட்டுதான். சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருக்க வேண்டும். மேலே என் வாயை வைத்துக்கொண்டு பேசுகிறாளே ஒருத்தி, அவள் நிறுத்த வேண்டும். அப்போதுதான் சுடலை பதறுவான். பதறினால் துளைக்கருவியை நிறுத்திவிட்டுப் பாறையில் காது வைப்பார்கள். நான் தட்டுவேன். நேற்று மாலை கருவி நின்றதும் விடிய விடியப் பாறையில் தட்டியும் பயனில்லாமல் போனது இதனால்தான். கம்பி நலமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது பாறையில் யார் காது வைப்பார்கள்?

தட்டுவது கேட்காவிட்டால், கூரை இடிந்து நான் செத்துவிட்டேன் என்று நினைப்பார்கள். பிணத்துக்காக யாரும் அவசரமாகத் துளைபோட மாட்டார்கள்.

பயமாக இருக்கிறது. இந்த இரண்டு கம்பியைத் தவிர எனக்கு யாருமில்லை.

06:00. துளைக்கருவி ஓடத் தொடங்கியது.

06:10. கடைசியாக அசல் சுடலை: "குட் மார்னிங்க்கா. சாப்டியளா? பாப்பா ராத்திரி பூரா அழுகையாம்."

06:20. வெட்டிவிட்டேன்.

நாள் 223 | 06:50

நின்றுவிட்டது. அதிர்வு இல்லை. ஆறு மணிக்கு ஓடத் தொடங்கியதை ஆறே முக்காலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். காது வைக்கிறார்கள்!

இரும்புக் குழாயால் பாறையில் தட்டுகிறேன். மூன்று, நிறுத்தம், மூன்று. கூடவே கத்துகிறேன். எனக்கு அவசரம், எனக்கு அவசரம் என்று. கத்துவது மேலே போகாது, தெரியும். ஆனாலும் கத்துகிறேன்.

நாள் 223 | 09:30

தட்டுகிறேன். இன்னும் ஓடவில்லை.

இவ்வளவு நேரமா காது வைப்பார்கள்.

நாள் 223 | 12:40

ஓடவில்லை. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் குறைகிறது. ஆறு நாளுக்கு ஆறு நாள்தான் இருந்தது. மிச்சம் வைக்க இடமில்லை.

கை தோல் உரிந்துவிட்டது. குழாயைத் துணியில் சுற்றிப் பிடித்திருக்கிறேன்.

நாள் 223 | 15:05

தனியாக இருக்க முடியவில்லை. தப்பு என்று தெரிந்தேதான் செய்தேன். என் முனையில் ஊகத்தை மறுபடி போட்டேன். கம்பி இல்லாவிட்டாலும் பேசும்படி மாற்றினேன். மூன்று வரிதான், எழுதியவளுக்கு அது பெரிய வேலையா.

கேபிளின் வெட்டுப்பட்ட நுனி என் மடியில் கிடக்கிறது.

"சுடலை. சத்தம் கேட்டுதா?"

"கேட்டுதுக்கா. வந்துருதோம்."

"அப்ப ஏன்டே நிறுத்திட்டிய?"

"நிறுத்தலியேக்கா. ஓடிக்கிட்டுத்தான இருக்கு."

பாறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இன்னொரு கையையும் வைத்தேன். பிறகு கன்னத்தை.

"சாப்டியளாக்கா?"

மூன்று. நிறுத்தம். மூன்று.