ஊரில் ஒரே தையல் மிஷின்

பீரோவை ஒழுங்குபடுத்தும்போது பழைய கேசட் ஒன்று அகப்பட்டது. மேலே உன் கையெழுத்து: 'ஏன் வரவில்லை, பெண்கள் பேச்சு.' போட்டுக் கேட்க வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அசதியாக இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். அழகர்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பெண்கள் பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏன் வருவதில்லை என்று விசாரிக்க நம் ஆராய்ச்சி ஆபீஸில் நம் இருவரையும் அனுப்பினார்கள். நமக்கு முன்னால் படிவத்தோடு போனவர்களிடம் எல்லாரும் "குறை ஒண்ணுமில்ல" என்றே சொல்லியிருந்தார்கள். நீ படிவத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, கடலை உடைத்துக்கொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்து நீயும் உடைக்க ஆரம்பித்தாய். மூன்றாம் நாள்தான் ஒருத்தி வாயைத் திறந்தாள். துணி தைப்பவள்.

"வலியில கத்துனா அந்த நர்சம்மா தொடையில அடிக்கிறாக அக்கா. அதுக்கு வீட்லயே பெத்துக்கிறலாம். எம்பேரு மட்டும் வெளிய வந்துறக் கூடாது."

பேரை நாம் எழுதவில்லை. ஆனால் ஆபீஸில் புள்ளிவிவரம் பார்ப்பவர்கள், "இம்புட்டும் கதைதான" என்று சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நிஜமான ஆள் சொன்னது என்று காட்ட, 'தையல் மிஷின் வைத்திருக்கும் பெண்' என்று அறிக்கையில் சேர்த்தேன்.

"அத எடுத்துருடி. எத்தன பேருன்னு கேட்டா நம்மகிட்ட பதில் கெடையாது. ஏன்னு கேட்டாத்தான் இருக்கு. அதுக்கு மிஷின் எதுக்கு?" என்றாய். தலையாட்டிவிட்டு, எடுக்காமலே டைப்புக்குக் கொடுத்தேன்.

அறிக்கை அந்த நிலையத்துக்கும் போனது. மாசமாக இருந்த அந்தத் தையல்காரி ஊசி போடப் போனபோது, வரிசையில் எல்லார் முன்னாலும் நர்ஸ், "நீதான என்னயப் பத்திச் சொல்லிக் குடுத்தவ?" என்று கேட்டிருக்கிறார். அதன்பின் அவள் அங்கே போகவேயில்லை. வீட்டிலேயே பிரசவம். குழந்தை தங்கவில்லை.

சேதி கேட்டதும் நீ பஸ் ஏறிவிட்டாய். நான் காய்ச்சல் என்றேன். திரும்பி வந்து, "தண்ணி குடுத்தா. எழுதுனது நாந்தான்னு சொல்லிட்டேன்" என்றாய். அதற்குப் பிறகு ஒருநாளும் என்னைக் குத்திக்காட்டவில்லை. திட்டியிருக்கலாம் நீ.

இப்போது கே.கே. நகர் வீட்டுக்குக் காலேஜ் பிள்ளைகள் ஆய்வேடுகளைத் திருத்தக் கொண்டுவருகிறார்கள். ஊர், தொழில், எத்தனை பிள்ளை என்று ஆளைக் காட்டுவதையெல்லாம் நீக்கச் சொல்கிறேன். "அம்புட்டையும் எடுத்துட்டா என்ன மேடம் மிஞ்சும்?" என்கிறார்கள். விளக்க எனக்குத் தெம்பில்லை.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. அந்தத் தையல்காரியைப் பொறுத்தவரை அந்த வரியை எழுதியவள் இன்றும் நீதான். நானே நேரில் போய்ச் சொன்னால்தான் அது மாறும். இன்னும் போகவில்லை.