இரண்டாவது அடுப்புக்கு வரும் வண்டி

என் ஒரே மருமகளும், ஏழு கடலுக்கு அப்பால் ஒற்றை அறையில் தனி ஆட்சி நடத்தும் பேரரசியுமான வாலுக்கு, உன் அப்பா கண்ணை மூடிய நாளிலிருந்து அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்துவரும் தாய்மாமன், ஏசி மெக்கானிக்குகளில் மாமன்னன், ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், வீட்டு மின்விசிறிகள் மூன்றும் சௌக்கியம். உன் அம்மாவின் சௌக்கியம் ஒரு வரியில் அடங்காது, இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். பயந்துவிடாதே, கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதே, வரிசையாகப் படி. உன் சளி விட்டதா, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்பதைப் பதிலில் எழுது. போன தடவை பேசியபோது, அம்மா ரெண்டே நிமிஷத்துல போனை வச்சுடறாங்க மாமா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா என்று கேட்டாயே, அன்றைக்கு நான் ஏதோ உளறி மழுப்பினேன். உண்மையான பதிலை இப்போது உன் அம்மாவின் முழுச் சம்மதத்தோடு எழுதுகிறேன். அந்தச் சம்மதம் வாங்க அரை நாள் கெஞ்சினேன், நாலாயிரம் பாத்திரம் தேய்த்தேன். எழுதித் தொலை, ஆனா உன் புளுகு மூட்டையை மட்டும் அவிழ்க்காதே என்றாள். ஆகவே இதில் வருவதெல்லாம் நிஜம், அளவுதான் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. உன் அம்மா கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள், திடீரென்று கத்தியைப் போட்டுவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, டேய் உன் ஏசி செத்துப்போச்சுடா என்பாள். அந்த நேரத்தில் அறை எப்படி இருக்கும் தெரியுமா, பனிக்கரடி வந்தால் ஸ்வெட்டர் கேட்கும். நான் போர்வைக்குள் இருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டி, அக்கா இதுக்கு மேல குளிர வச்சா சுவருக்கு ஜன்னி வந்துடும் என்பேன். ஐந்தே நிமிடத்தில் அவளே, ஏன்டா இப்படி விறைக்க வைக்கிற, மனுஷங்க இருக்கிற வீடா இது என்று சண்டைக்கு வருவாள். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவனை, ஒரு ஏசியின் மேல் காதை வைத்தே அதன் ஜாதகத்தைச் சொல்பவனை இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? கேஸ் நிரப்பினேன். தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். வெளியே இருக்கும் பெட்டியைக் கழற்றிக் குளிப்பாட்டித் தலை துவட்டி மாட்டினேன். அப்போதும் செத்துப்போச்சு, விறைக்குது, செத்துப்போச்சு, விறைக்குது. அப்புறம் ஒரு நாள் அவள் போனில் யாரிடமோ அலுத்துக்கொள்வது காதில் விழுந்தது. நின்னா நிக்கணும், வந்தா வரணும், ரெண்டும் இல்லாம இழுத்தடிக்குது, ரெண்டு மாசம் நிக்குது, சரி ஒழிஞ்சுதுன்னு பார்த்தா திடீர்னு வருது, எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும் போல இருக்கு என்கிறாள். எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. விட்டுவிட்டு நிற்கிறதென்றால் கம்ப்ரசர்தானே? அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து ஏசியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, நாற்பத்து மூன்று பாகங்களையும் கூடத்தில் செய்தித்தாள் விரித்துப் பரப்பிவிட்டேன்.

அவள் வந்தாள், பையை வைக்கக்கூட இடமில்லை. என்னடா இது என்றாள். நீதானே அக்கா போன்ல சொன்ன, ரெண்டு மாசம் நிக்குது திடீர்னு வருதுன்னு, கம்ப்ரசர்தான், பிடிச்சிட்டேன் பாரு என்றேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு. பையை என் கையில் திணித்தாள். பிறகு அந்த உதிரிப் பாகங்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள் பார், பக்கத்து வீட்டுக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. அட மண்டு, நின்னுபோறது ஏசி இல்லடா, எனக்குடா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தவள், எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் காட்சி இல்லாத எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தலைக்குள் ஏற அரை நிமிடம் பிடித்தது, ஏறியதும் கையிலிருந்த ஸ்பேனர் கால் விரலில் விழுந்தது. அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். சூடு மட்டுமில்லையாம். தூக்கம் நாலு துண்டாக உடைகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது, மூட்டு வலிக்கிறது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபம் வருகிறது, கோபம் போனதும் அதை நினைத்து அழுகை வருகிறது. இவ்வளவையும் ஏன் சொல்லவில்லை என்றால், எல்லாருக்கும் வர்றதுதானே, இதைப் போய் ஊர்ல சொல்லிக்கிட்டா இருப்பாங்க என்கிறாள். எனக்கோ கேள்வி கேள்வியாக முளைத்தது. சூடு மேலேயிருந்து இறங்குமா கீழேயிருந்து ஏறுமா, எத்தனை நிமிடம் நிற்கும், வருவதற்கு முன்னால் ஏதாவது அறிகுறி உண்டா? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கிழமை வாரியாகக் கோடு போட்டேன். மார்பில் பற்றிக் கழுத்து வழியாக முகத்துக்கு ஏறுகிறது, மூன்று நான்கு நிமிடம், அப்புறம் வியர்வை, அப்புறம் குளிர், ஒரு நாளில் பதினொரு தடவை. பன்னிரண்டாவது தடவை குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தபோது கரண்டி பறந்து வந்தது.

அவளைப் பயமுறுத்தியது சூடு இல்லை, சொற்கள். வாயில் வந்து நிற்கும் சொல் திடீரென்று காணாமல் போய்விடுகிறது. உப்பு என்ற சொல்லுக்காக ஒரு நாள் அந்த டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாளாம். உன்னோடு பேசும்போதும் அப்படித்தான். நீ ஒரு தடவை சிரித்துக்கொண்டே, அம்மா நேத்துதானே சொன்னேன் அதுக்குள்ள மறந்துட்டியா, வயசாயிடுச்சு உனக்கு என்றாயாமே? உனக்கு அது விளையாட்டு. அவளுக்கு அது தீர்ப்பு. அதற்குப் பிறகுதான் சொல் தொலைவதற்கு முன்னாலேயே போனை வைத்துவிடப் பழகினாள். உன்மேல் ஒரு கோபமும் இல்லை, தடுமாறுவதை நீ கேட்டுவிடக்கூடாது, அவ்வளவுதான். இதைப் படித்து நீ அழுதால் கடிதம் நனையும், நான் இங்க் பேனாவால் எழுதியிருக்கிறேன், கவனம்.

சொல்லையே வைத்துப் பிழைப்பவளுக்கு இது வந்தால் என்ன ஆகும் என்று யோசி. இருபத்து நாலு வருஷமாக அந்த ரயில் நிலையத்தின் குரல் அவள்தான். வழக்கமான அறிவிப்புகளை இப்போது இயந்திரம் சொல்லிவிடுகிறது, ஆனால் வண்டி இடம் மாறினாலோ தாமதமானாலோ மைக்கின் முன்னால் உன் அம்மாதான் உட்கார வேண்டும். போன மாதம் ஒரு காலை, கூட்டம் நெரிகிற நேரம், வடக்கிலிருந்து வரும் வண்டி நடைமேடை மாறுகிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் அவளுக்கு அந்தச் சூடு ஏறிக்கொண்டிருக்கிறது, நடைமேடை என்ற சொல் மட்டும் வரவில்லை, வாய் நிற்காமல் வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வடக்கிலிருந்து வரும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் இரண்டாவது அடுப்புக்கு வந்து சேரும் என்று ஸ்டேஷன் முழுக்க முழங்கிவிட்டாள். மூவாயிரம் பேர் சிரித்தார்கள், இது என் அளவு, முந்நூறு என்று வைத்துக்கொள். கல்லூரிப் பிள்ளைகள் அன்றிலிருந்து அவளைப் பார்த்தால், எந்த அடுப்பு ஆன்ட்டி என்கிறார்கள். நிலைய அதிகாரி திட்டவில்லை. மெதுவாக, கொஞ்ச நாளைக்கு எல்லாத்துக்கும் ரெக்கார்டையே ஓட விட்டுடலாமேம்மா என்றாராம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள், இந்த மெதுவான பேச்சுத்தான் அவளை உடைத்துவிட்டது. மறுநாள் ஸ்டேஷனில் பெண்கள் ஓய்வறை ஏசியைப் பார்க்க நான் கிளம்பியபோது ஒட்டிய உறை ஒன்றை நீட்டி, இதை அதிகாரி மேசையில வச்சுட்டு வந்துடு, கேள்வி கேட்காதே என்றாள். கேள்வி கேட்காதே என்று என்னிடம் சொல்வது மீனிடம் நீந்தாதே என்பது போல. வழியிலேயே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ராஜினாமா.

நேரே அதிகாரியிடம் போக எனக்குக் கால் வரவில்லை. ஓய்வறைக்குப் போய் ஏணி போட்டு ஏறினேன். மதியச் சாப்பாட்டு நேரம், டிக்கெட் பரிசோதகர் அம்மாள் வந்தார், உன் அம்மா போனில் அலுத்துக்கொண்டது இவரிடம்தான். கூடவே பார்சல் ஆபீஸ் அம்மாள், துப்புரவு மேற்பார்வையாளர், இன்னும் இரண்டு பேர். பரிசோதகர் அம்மாள் மேலே பார்த்து, தம்பி காதை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க என்றார். இரண்டு கையிலும் ஸ்க்ரூடிரைவர், காதை எதால் மூட? அவர்கள் பேச்சு எனக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கு இன்னிக்கு ஆறு எக்ஸ்பிரஸ் என்கிறார் ஒருவர், எனக்கு ராத்திரி வண்டிதான் தொல்லை, தலகாணியெல்லாம் ஈரம் என்கிறார் இன்னொருவர், எனக்கு சிக்னலே விழல, மருமக பேரே மறந்துபோச்சு என்கிறார் மூன்றாமவர், ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அப்போதுதான் எக்ஸ்பிரஸ் என்றால் அந்தச் சூடு, சிக்னல் என்றால் ஞாபகம் என்று எனக்குப் புரிந்தது. ஏணியில் நின்றபடியே, எங்க அக்கா இந்தக் கூட்டத்துக்கு ஏன் வர்றதில்ல என்று கேட்டுவிட்டேன். பரிசோதகர் அம்மாள், உங்க அக்கா குரல்தான் ஊருக்கே கேக்கும், தனக்கு ஒண்ணுன்னா வாயைத் திறக்கமாட்டா, கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு அலுத்துப்போச்சு என்றார். நான் இறங்கி உறையைக் காட்டினேன். வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் நானே வீட்டுக்கு வர்றேன் என்றார்.

வந்தார். உறையை உன் அம்மாவின் மடியில் வைத்தார். பெரிய ரகளை. என் கடிதத்தை நிறுத்த நீ யாருடா என்று என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினாள், அதில் நியாயம் இருந்தது, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். பரிசோதகர் அம்மாள் மட்டும் அசரவில்லை. கொடு, யார் வேண்டாம்னா, ஆனா டாக்டரைப் பார்த்துட்டுக் கொடு, காய்ச்சல்ல இருக்கும்போது யாராவது வீட்டை விப்பாங்களா என்று கேட்டார். உன் அம்மா உறையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, எந்த டாக்டர் என்று கேட்டாள். டாக்டரம்மாவிடம் நானும் போனேன், நோட்டுப் புத்தகத்தோடு. பத்தொன்பது கேள்வி கேட்டேன். இதுல நோயாளி யாரு என்று டாக்டர் கேட்டார், உடம்பு எனக்கு டாக்டர், சந்தேகம் இவனுக்கு என்றாள் உன் அம்மா. ஆனால் அந்த நோட்டைத்தான் டாக்டர் வரி வரியாகப் படித்தார் என்பதை வரலாறு பதிவு செய்யட்டும். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிலக்கு வராமலிருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்காம், அதற்கு முந்தின இந்த இழுபறிக் காலத்தில்தான் பலருக்குப் படுத்தல் அதிகமாம், சொல் மறப்பதும் இதில் சேர்த்தியாம், நிறையப் பேருக்கு அது பிறகு சரியாகுமாம். தைராய்டும் இரத்தச் சோகையும் இதே மாதிரி வேஷம் போடும் என்று சோதிக்கச் சொன்னார். ஹார்மோன் மருந்து உண்டு, எல்லாருக்கும் ஒத்துவராது என்று குடும்பத்து நோயெல்லாம் கேட்டு, சோதனை முடிவைப் பார்த்து, உன் அம்மாவோடு பேசித்தான் முடிவு செய்தார். இப்போது ஒரு மருந்து ஓடுகிறது, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போக வேண்டும். மதியத்துக்கு மேல் காபி கிடையாது, இந்தத் தண்டனையைத் தன்னோடு சேர்த்து எனக்கும் விதித்துவிட்டாள்.

டாக்டரைப் பார்த்த கையோடு அவளும் பரிசோதகர் அம்மாளும் அதிகாரியின் அறைக்குப் போய் விஷயத்தை நேராகச் சொல்லிவிட்டார்கள். மனுஷன் பாதி நேரம் சுவர்க் காலண்டரையே படித்துக்கொண்டிருந்தாராம். முடிவில் கூண்டுக்கு மேசை விசிறி, தூக்கம் கெடாமலிருக்க மூன்று மாதத்துக்கு இரவு வேலை இல்லாமல் காலை ஷிப்ட் மட்டும், இரண்டுக்கும் சம்மதித்தார். அவர்கள் எழுந்திருக்கும்போது, எங்க வீட்டுலயும் ஆறு மாசமா சண்டை, எனக்கு இப்பதான் புரியுது, அந்த டாக்டர் விலாசம் கொடுங்க என்று கேட்டாராம். ஆனாலும் உன் அம்மா உறையைக் கிழிக்கவில்லை. இன்னொரு தடவை மைக்ல உளறினேன்னா நானே கொடுத்துடுவேன் என்று அதைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். ஓய்வறைக் கூட்டத்துக்கு மட்டும் புதன்தோறும் போக ஆரம்பித்தாள்.

போன வெள்ளிக்கிழமை. வேலை எதுவும் இல்லாமலே ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நான் ஸ்டேஷனில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன், ஒரு தம்பிக்கு இதற்கு உரிமை உண்டு. கொள்ளாத கூட்டம். தெற்கு வண்டி இடம் மாறியது. பயணிகளின் கனிவான கவனத்திற்கு, தெற்கிலிருந்து வரும் விரைவு வண்டி இன்று மூன்றாவது, என்று உன் அம்மாவின் குரல் கேட்டது, நின்றது. ஒரு விநாடி. இரண்டு. கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். நான் ஸ்பேனரோடு சேர்த்துத் தூணைக் கட்டிப்பிடித்தேன். அப்போது ஒலிபெருக்கி அத்தனையிலும் அதே மிடுக்கான குரலில், பயணிகளே, அடுத்து வரவேண்டிய சொல் சற்றுத் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்றாள். முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை, பிறகு ஸ்டேஷனே சிரித்தது. பழைய சிரிப்பு இல்லை மருமகளே, இது வேறு. பெஞ்சில் கைப்பையால் விசிறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், கூண்டைப் பார்த்து, மெதுவா வரட்டும் அக்கா, எனக்கும் அப்படித்தான் என்று கத்தினார். அதற்குள் சொல் வந்து சேர்ந்துவிட்டது. நடைமேடைக்கு, மூன்றாவது நடைமேடைக்கு என்று முடித்தாள். ஒருவர்கூட வண்டியைத் தவறவிடவில்லை. சாயங்காலம் வீட்டில், உறை என்னக்கா ஆச்சு என்று கேட்டேன். அதுல ஒரு எழுத்துப் பிழை இருந்துச்சுடா, திருத்தி எழுத எனக்கு நேரமில்ல, நாளைக்கு டியூட்டி இருக்கு என்று நாலாய்க் கிழித்தாள்.

மகராசியாக இரு, வேலையில் உயர்ந்து நில், எல்லா நோய்நொடியும் உன்னைக் கண்டால் எதிர்ச் சுவரோரம் ஒதுங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய். நான் எழுதியதைப் படித்தேன் என்று அவளிடமே சொல், மறைக்காதே. பேச்சில் எங்கேயாவது அவள் நின்றால், அந்தச் சொல் உனக்குத் தெரிந்தே இருந்தாலும் எடுத்துக் கொடுக்காதே. போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இரு. அவளே சொல்வாள்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் அருமைத் தம்பியும் அகில உலகக் கேள்வி நாயகனுமான
மாமா