மூன்று வருஷத்து ஆடி

அம்மா,

இன்று காலை நம் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கேழ்வரகும் நொய்யும் சேர்ந்து கொதிக்கிற வாசனை சந்து முழுக்க வந்து நின்றது. கூடவே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று, "ஆடித் தள்ளுபடி, ஆடித் தள்ளுபடி" என்று கத்திக்கொண்டு போனது. இப்போதெல்லாம் ஆடி என்றால் பிள்ளைகளுக்குத் துணிக்கடைதான் ஞாபகம் வருகிறது. எனக்கு நீ வருகிறாய். தூக்கில் வாங்கி வந்த கூழை ஆறவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்துதான். உனக்கு அதுவும் தெரியாது. பரவாயில்லை, படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கட்டும். அவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

ஆறாம் வகுப்புக்குக் கடைத்தெருவைத் தாண்டிப் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும். ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார வேண்டும். "பேர் எழுதத் தெரிஞ்சா போதும்" என்று நைனா நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடம் நின்ற பெண் என்ன செய்வாள்? வேர்க்கடலை உடைப்பாள், பெரியவளாவாள், கல்யாணம் ஆகிப் போவாள். அறுபதுகளில் நம் செஞ்சிப் பக்கத்தில், அதிலும் நம்மைப் போலக் கூலிக்குப் போகிற வீடுகளில், வேறு வழி யாருக்கும் தெரியவில்லை. காலையில் அப்பனும் ஆத்தாளும் வேலைக்குப் போய்விட்டால் வயசுக்கு வந்த பெண் வீட்டில் தனியாக இருப்பாள். ஊர் ஏதாவது பேசும். தாலி ஏறிவிட்டால் அந்தப் பயம் இல்லை என்று நினைத்தார்கள். முறை மாப்பிள்ளை இருந்தால் யோசிக்கவே மாட்டார்கள். எனக்குத் தொண்டூரில் அத்தை மகன் இருந்தார். நான் பிறந்தபோதே நைனா தன் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

எனக்குப் பதினாலு வயது. நீ வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாய். "எங்க அக்கா மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?" என்றார் நைனா. கல்யாணத்துக்கு நீ ஒத்துக்கொண்டாய். ஒன்றுக்கு மட்டும் அடம் பிடித்தாய். ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில்தான் கல்யாணம் என்றாய். ஏன் என்று ஒருத்தருக்கும் விளங்கவில்லை.

தாலி கட்டின கையோடு ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வந்து நிற்கும் என்று பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வது வழக்கமாயிற்றே. நீ சீர்த்தட்டோடு தொண்டூருக்கு வந்தாய். "ஆடி கழிஞ்சி அனுப்பறேன் அண்ணி" என்று அத்தையிடம் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாய். விருந்தாளி மாதிரிதான் அந்த வீட்டில் இருந்துவிட்டு வந்தேன்.

ஆவணி பிறந்தது. அத்தை பூவும் மஞ்சளும் புதுப்புடவையுமாக வந்தார். நீ வாசலில் விறகைப் பிளந்துகொண்டிருந்தாய்.

"இன்னாடி, பொண்ணு கெளம்பிட்டாளா?"

"ஆடி இன்னும் முடியல அண்ணி."

"ஆவணி பொறந்து ஒரு வாரமாவுது. உனக்கு இன்னா பைத்தியமா?"

"ஊருக்கு முடிஞ்சிருக்கும். எம்பொண்ணுக்கு முடியல. முடிஞ்சா நானே சொல்லி அனுப்பறேன்."

அத்தை சிரித்தார். நீ சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் பூவைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

புரட்டாசியும் போனது. தெருவில் உனக்கு ஆடிக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள்: "இன்னா ஆடிக்காரி, தீபாவளி வந்துடுச்சே, உங்க ஊட்டுல இன்னும் கூழ் காச்சலியா?" நீ கயிற்றை இழுத்தபடியே, "காச்சனா கூப்புடறேன், ஏனத்த எடுத்துக்கினு வா" என்றாய். நைனா அந்த நாட்களில் உன்னோடு பேசவே இல்லை. காபிக்கடையில் சாப்பிட்டுவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை சைக்கிளில் வந்தார். அவருக்குப் பத்தொன்பது வயது. இலை போட்டுப் பரிமாறிவிட்டு நீ எதிரே உட்கார்ந்தாய்.

"மாப்ளே, அவ இன்னும் கொழந்த. நீ வா, சாப்டு, பேசு, சாயந்தரம் சைக்கிள் ஏறிப் போ. நடுவுல வேற பொண்ணு கட்டிக்கணும்னா எங்கிட்ட சொல்லிட்டுக் கட்டிக்க."

அவருக்கு அதிரசம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல அத்த. எங்கம்மாதான்..." என்று இழுத்தார்.

அந்த அம்மா பொங்கல் கழிந்து ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். தொண்டூர் நாட்டாமையும் சொந்தக்காரர்களும் நம் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று, அன்றைக்கே பெண்ணை அனுப்ப வேண்டும். இல்லை, உறவைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நீ மலையிலிருந்து விறகுக் கட்டோடு இறங்கி வந்தாய். வழக்கம் போல வழியில் இரண்டு இடத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தாய். சுமை கனம், அதனால் உட்காருகிறாய் என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

"இன்னாம்மா இது, கட்டிக் குடுத்த பொண்ண வச்சிக்கினு வெளையாடற?" என்றார் நாட்டாமை. "நம்ம சனத்துல பதினஞ்சுல புள்ள பெறாத பொம்பள யாரு?"

நீ கட்டைக் கீழே போட்டாய்.

"எல்லாரும்தான் பெத்தோம். பெத்து இன்னா ஆனோம்னு எவனாவது கேட்டீங்களா? எனக்குப் பதினஞ்சுல ஒண்ணு, பதினாறுல ஒண்ணு. ரெண்டும் தங்கல. ரெண்டாவதுக்கு மூணு நாளு வலி. அதுல எனக்கு கர்ப்பப்பை எறங்கிப் போச்சு. இன்னிக்கும் வெளிய தள்ளிக்கினுதான் கெடக்குது. துணிய வச்சிக் கட்டிக்கினு மல ஏர்றேன். அதான் நடுவுல நடுவுல குந்தறேன். சோம்பேறித்தனம்னு நெனச்சீங்களா?"

ஒருவர் ராஜகிரி மலையை அன்றுதான் பார்ப்பவர் போல நிமிர்ந்து பார்த்தார். நைனா தரையைப் பார்த்தார். யாரோ முணுமுணுத்தார்கள்: "ஆம்பளைங்க எதிர்ல பேசற பேச்சா இது?"

"ஆம்பளைங்க எதிர்ல பேசாததாலதான் இப்டி ஆச்சு" என்றாய்.

"அப்ப மாப்ள வேற பொண்ணு கட்டுவான்" என்றார் நாட்டாமை.

"கட்டட்டும். அதுவும் பதினாலு வயசுப் பொண்ணா இருந்தா, அவ ஆத்தா கிட்ட போயி இதயே சொல்லுவேன்."

அத்தை சட்டென்று எழுந்து அடுப்படிக்குள் போனார். நீயும் பின்னாலேயே வந்தாய். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"எனக்கும் அப்டிதான்டி" என்றார் அத்தை. "எம்புள்ள பொறந்ததுலேருந்து."

"தெரியும் அண்ணி."

"உனக்கு எப்டி தெரியும்? நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லியே."

"நீங்களும்தான் வழியெல்லாம் குந்தறீங்க."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "கெளம்புங்க போலாம். மூணு வருசம் இருக்கட்டும். பொண்ணு வளரட்டும்."

"அப்ப எங்கள எதுக்கும்மா இழுத்துக்கினு வந்த?" என்றார் நாட்டாமை.

"காத்தாட நடந்தீங்க இல்ல, அதுக்குத்தான்" என்றார் அத்தை.

அந்த மூன்று வருஷமும் நான் மண்டியில் கடலை உடைத்தேன், வளர்ந்தேன். அவர் நாள் கிழமைக்குச் சைக்கிளில் வந்து சாப்பிட்டுப் பேசிவிட்டுப் போனார். கல்யாணம் ஆன பிறகு காத்திருந்து பழகியவர்கள் இந்தச் சீமையிலேயே நாங்கள் இருவர்தான் என்று அவர் சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் கழித்து நீயே ஆடி முடிந்தது என்று அத்தைக்குச் சொல்லி அனுப்பினாய். தலைப்பிள்ளையைப் பத்தொன்பதில் பெற்றேன். பெற்ற மூன்றும் இருக்கின்றன. நானும் முழுசாக இருக்கிறேன். அதன் பிறகு நீயும் அத்தையும் ஒரே பஸ்ஸில் பாண்டிச்சேரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டீர்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, யாருக்கு ரொட்டி பெரிய துண்டாக வந்தது என்று சண்டை போட்டீர்கள். நர்ஸ் வந்து இருவரையும் அதட்டியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

இப்போது சட்டம் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனாலும் பதினாறில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள் அம்மா. எந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள் என்று அங்கே இருக்கிற நர்சம்மாவைக் கேட்டேன். மலையடியில் மானாவாரியை நம்பிக் கிடக்கிற ஊர்கள். தை பிறந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போகிற ஊர்கள். பஸ் மெயின் ரோட்டோடு திரும்பிவிடுகிற ஊர்கள். செல்போனால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். உனக்குப் பதினைந்து வயதானபோது உன் கையில் எந்த செல்போன் இருந்தது?

எதிர்வீட்டுக்காரர்களும் சூளைக்குப் போகிறவர்கள்தான். பெண் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். அவள் அம்மா என்னிடம் வந்து அழுதாள். "கூட்டிக்கினு போனா படிப்பு போவுது ஆயா. உட்டுட்டுப் போனா பயமா இருக்குது." உன் காலத்துப் பயம் அப்படியே இருக்கிறது. "என்கிட்ட உட்டுட்டுப் போ" என்றேன். உன் கதையை ஒன்று விடாமல் சொன்னேன், தெருவில் நின்றுகொண்டே. என் மகன் உள்ளிருந்து, "மெதுவா பேசும்மா, தெருவே கேக்குது" என்றான். "கேக்கட்டும்னுதான்டா பேசறேன்" என்றேன். எந்த நம்பருக்குப் போன் செய்தால் அதிகாரிகள் வருவார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைத்தேன்.

அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு என் மேல் கோபம். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து நியாயம் கேட்கப் போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வெட்கங்கெட்ட வாய் என்று அன்று உன்னைச் சொன்னார்கள். உன்னிடமிருந்து எனக்கு வந்த சொத்து அந்த வாய்தான். பக்கத்து வீடுகளில் நாற்காலி கேட்டு வைத்திருக்கிறேன். வருகிற ஆம்பளைகள் வசதியாக உட்காரட்டும். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரையும் எழுந்து போக விடமாட்டேன்.