சொல்லாமல் போன அக்காவுக்கு

அக்கா,

இன்று வியாழக்கிழமை. உங்களைப் பார்க்க வரும் நாள். வர இடமில்லாததால் ஷெட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் புதுத் துணிக்கட்டைப் பிரித்தார்கள். பிளீச்சிங் வாசனை குப்பென்று ஏறியது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் உங்கள் சின்ன அறையிலும் இதே வாசனைதான், பக்கத்து அறையில் புண்ணுக்கு மருந்து கட்டுவார்கள். என் கை நின்றுவிட்டது. "என்ன புள்ள, தூக்கமா?" என்றார் மேஸ்திரி. தலையை ஆட்டிவிட்டு மறுபடி மடிக்கத் தொடங்கினேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். புண்ணுக்கு வைத்துக் கட்டும் காஸ் துணியைச் சதுரமாக மடிக்க வேண்டும். வெட்டிய ஓரத்தின் பிசிறு உள்ளே போய்விட வேண்டும். வெளியே நீட்டினால் நூல் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். தூசி விழக் கூடாது என்று ராஜபாளையத்து வெயிலிலும் ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பார்கள். எட்டாம் வகுப்போடு அம்மா "போதும்" என்றாள். நான் "சரிம்மா" என்றேன். அன்றிலிருந்து இந்த ஷெட், விட்டால் வீடு.

ஆலங்குளத்து அத்தை மகனுக்கு என்னைக் கொடுப்பதாகப் பேசியபோதும் "சரிம்மா"தான். அதற்குப் பிறகுதான் சோறு தொண்டையில் இறங்காமல் போனது. விபூதி போட்டார்கள், கயிறு கட்டினார்கள். பெரிய டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமில்லை, மனசு விட்டுப் பேசினால் சரியாகும் என்று உங்களிடம் அனுப்பினார்.

முதல் நாள் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கேட்டாள்.

"ஊசி இல்ல, மாத்திரை இல்ல. என்ன வைத்தியம் பாத்தாக?"

"பேசிக்கிட்டு இருந்தோம்மா."

"என்ன பேசுன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு பேரும் பஸ் ஏறி வந்தோம்?"

அத்தைக்கு விஷயம் தெரிந்ததும் சிரித்தாள். "வாயத் தொறக்காத புள்ளையப் பேச வைக்க ஒரு ஆஸ்பத்திரியா? கட்டிட்டு வந்தா எங்க வீட்டுல தானா பேசிருவா."

பாதி நேரம் நான் பேசவே இல்லை என்பது உண்மைதான். நீங்களும் அவசரப்படுத்தவில்லை. "மனசுல வர்றதச் சொல்லு. சரியா தப்பான்னு பார்க்காத" என்பீர்கள். ஒருநாள் அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். "நல்லாப் பாத்துக்கிடுவாக்கா" என்றேன். நீங்கள் என் மடியைப் பார்த்தீர்கள். தாவணி நுனி சின்னச் சதுரமாக மடிந்து கிடந்தது, பிசிறு தெரியாமல். "அம்மான்னதும் கை வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு" என்றீர்கள். மடித்தது எனக்கே தெரியாது. வெட்கத்தில் சிரித்தேன். மறுவாரம்தான், எப்படி வந்ததோ, எனக்கு அம்மாவைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை உங்கள் அறை பூட்டியிருந்தது.

அதற்கடுத்த வாரம் நீங்கள் வந்தபோது "பரவாயில்லக்கா" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

"காத்துக்கிட்டு நின்னுருப்பியே. கோவம் வரலையா?"

"உங்க மேல எனக்கு எதுக்குக்கா கோவம்?"

"அப்ப என்ன நெனச்சே?"

"அம்மாவப் பத்தி நான் சொன்னது உங்களுக்குப் பிடிக்கல. அதான் வரலன்னு நெனச்சேன்."

இல்லை என்று நீங்கள் உடனே சமாதானம் சொல்லவில்லை. "இதுக்கு முந்தி யாராவது அப்படிப் போயிருக்காங்களா?" என்று கேட்டீர்கள்.

அப்போதுதான் அது வந்தது. ஏழு வயதில் ரோஸ் கலர் பாவாடை வேண்டும் என்று தெருவில் புரண்டு அழுதேன். அன்று சாயங்காலம் அம்மா அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வ. புதுப்பட்டியில் அவள் பிறந்த வீட்டுக்குப் போனாள். "செத்த நேரத்துல வாரேன்" என்றாள். மழைக்காலம் முடிந்துதான் வந்தாள். நான் அழுததால்தான் போனாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவளிடம் எதுவும் கேட்டதில்லை, எதையும் மறுத்ததுமில்லை. அப்படி நினைத்தது மறந்துபோய்விட்டது. "சரிம்மா" மட்டும் தங்கிவிட்டது.

"என்கிட்டயும் அதே பயத்தோடதான் உக்காந்திருக்கே" என்றீர்கள். "கோவப்பட்டா நானும் போயிருவேன்னு."

தரையைப் பார்த்தபடி, "சொல்லாம இருந்துட்டீங்கள்ல" என்றேன். என் குரல் எனக்கே முரடாகக் கேட்டது. பயந்துகொண்டே நிமிர்ந்தேன். அதே நாற்காலியில்தான் இருந்தீர்கள்.

"ஆமா. சொல்லியிருக்கணும்" என்றீர்கள்.

அன்று சோறு இறங்கியது. எல்லா நாளும் இறங்கியது என்று சொல்ல மாட்டேன்.

போன வியாழக்கிழமை வந்தபோது மறுபடியும் பூட்டு. வாசலில் நின்ற ஆயாதான் சொன்னார்கள். "அவிய தவறிட்டாகம்மா. ரொம்ப நாளாச் சீக்கு. யாருகிட்டயும் காட்டிக்கிடல."

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பாவம், நல்ல மனுசி" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "சரி, வைத்தியமும் முடிஞ்சிட்டு. அடுத்த வெள்ளிக்கெழம ஒங்க அத்தை பூ வைக்க வாராக" என்றாள்.

என் கை தாவணி நுனியை மடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

"எனக்கு வேண்டாம்மா."

"என்ன வேண்டாம்?"

"கல்யாணம்."

"ஏட்டி, இதத்தான் அவிய சொல்லிக் குடுத்தாகளா?"

"அவிய ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. கேட்டுக்கிட்டு இருந்தாக. அம்புட்டுதான்."

அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள். முன்பென்றால் ஒரு பொழுதுகூடத் தாங்கியிருக்க மாட்டேன். இப்போதும் அடுப்படி வாசல்வரை போகிறேன். "சரிம்மா" நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. திரும்பி வந்துவிடுகிறேன். நாளைக்கு அத்தை வருவாள். அவள் முகத்துக்கு நேரே இன்னொரு தடவை சொல்ல முடியுமா, சொன்னாலும் யாராவது கேட்பார்களா, ஒன்றும் தெரியவில்லை. ஷெட் ஜன்னல்கள் இன்றும் சாத்தித்தான் இருக்கின்றன.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மறுபடியும் சொல்லாமல் போய்விட்டீர்கள். எனக்குக் கோபம்தான், அக்கா. அழுகையும் வருகிறது. ஆனால் நான் சொன்ன எதனாலும் நீங்கள் போகவில்லை. அது எனக்குத் தெரியும்.