கோமளா மேடம் வீட்டுக் கடல்

16 பிப்ரவரி 2025, ஞாயிறு

பக்கத்து வீட்டு மேடத்தின் மகன் மெல்பர்னிலிருந்து பேசியதை இன்றைக்கு நானும் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. வேலியோரம் பப்பாளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெண்டைக்காய் நறுக்கினால் கூலாய் ஊர் முழுக்கத்தான் கேட்கும். "அம்மா, வீட்டை வித்திட்டு இஞ்ச வாங்கோ. தனிய இருந்து அங்க என்ன செய்யிறியள்?" இதையே தயானந்தன் மூன்று விதமாகக் கேட்டான்.

"யோசிக்கிறன்" என்றார் மேடம்.

யோசிக்கிறாராம். என் கையிலிருந்த ஹோஸ் எங்கே தண்ணீர் விட்டது என்று எனக்கே தெரியவில்லை. கால் நனைந்த பிறகுதான் பார்த்தேன்.

எனக்கு எதற்கு இது? ஐம்பத்து நான்கு வயது. கல்யாணம் கட்டாதவன். ரப்பர் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன், தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். கோமளா மேடம் நில அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சிலோன்காரர். புருஷன் தவறி நான்கு வருஷம். நான் பக்கத்து வீடு, அவ்வளவுதான்.

அவ்வளவுதானா, தங்கராஜு?

2 மார்ச்

மேடம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். "தங்கராஜு, உங்களுக்குக் குழாய் பொருத்தத் தெரியுமோ?"

"குழாய் என்னங்க மேடம், பாலமே கட்டித் தருவேன்."

"பகிடி பிறகு. உள்ள வாருங்கோ."

மேசையில் ஒரு படம் வரைந்து வைத்திருந்தார், அலுவலகத்துக் கோப்பு மாதிரி கோடு பிசகாமல். அவருடைய அப்பா மெர்சிங் கடற்கரையில் மீன்வளத் துறையில் வேலை செய்தவராம். சின்ன வயதில் படகோரம் குனிந்து பவளப்பாறையைப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறதாம். இப்போது முட்டி வலி, படகில் கால் வைக்க முடியாது. அதனால் கடலை வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறார்.

இரண்டடிக் கண்ணாடித் தொட்டி மேலே. அதில் உப்புத் தண்ணீர், கல், பவளம், இரண்டு மீன். கீழே அலமாரிக்குள் ஓரடித் தொட்டி, அதில் வெறும் பாசி. மேலே சேருகிற அழுக்கு, குழாய் வழியாகக் கீழே இறங்கும். பாசி அதைத் தின்றுவிட்டு வளரும். சுத்தமான தண்ணீரை பம்ப் மறுபடி மேலே தள்ளும்.

"அப்ப மேல மகாராணி. கீழ நம்மாளு எச்சில் தட்டு கழுவுறான்" என்றேன்.

"அவன் இல்லாட்டில் மகாராணி ஒரு கிழமை தாங்கமாட்டா" என்றார் மேடம். சிரிக்காமல் சொன்னார். 

பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மகனுக்குச் சொல்லிப்போட்டன். இது ஆறு மாசம் உயிரோட நிண்டால் நானும் இஞ்சயே நிப்பன். என்னை நம்பி ஏதோ ஒண்டு இருக்கெண்டு அர்த்தம். இல்லாட்டில் அவன் சொல்லுறபடி போயிடுவன்."

ஆறு மாதம். சாமி, ஆறு மாதம்.

9 மார்ச்

தெப்ராவில் இருக்கிற மீன் கடைக்கு மேடத்தை பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். நாற்பத்து நான்கு சீட்டு, ஆள் ஒருவர். "மேடம், எந்த சீட்டுல வேணும்னாலும் உக்காருங்க, இன்னைக்குக் கூட்டம் கம்மி" என்றேன். என் பின்னாலேயே உட்கார்ந்தார்.

கடை முதலாளி சீனர், தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். பொறுமைசாலி. மேடம் ஆங்கிலத்தில் கேட்பதும் நான் மலாயில் கேட்பதும் ஒன்றா என்று பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். கரண்ட் நின்றால் பம்ப் நிற்கும், மேல் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கிவிடும், அதனால் கீழ்த் தொட்டியில் நான்கு விரல் இடம் காலியாக விடவேண்டும். இதை மேடம் எழுதிக்கொண்டார். நான் கையில் அளந்துகொண்டேன்.

23 மார்ச்

இன்றைக்குத் தண்ணீர் ஓடியது. மேடம் காகிதத்தைப் படிப்பார், நான் குழாயை முடுக்குவேன். முதல் தடவை மூட்டில் கசிந்து என் சட்டை முழுக்க உப்பு. "கருவாடாப் போட்டுடாதீங்க மேடம்" என்றேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்த வீட்டில் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

சாயங்காலம் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "வெக்கைக்குத் தண்ணி ஆவியாப் போகும். உப்பு போகாது, உள்ளயே நிக்கும். அதால உப்பில்லாத நல்ல தண்ணிதான் மேல விடவேணும், ஒவ்வொரு நாளும் ஒரு சாடி. காலமை நான் நடக்கப் போற நேரம் நீங்கள் வந்து விட்டிட்டுப் போவீங்களோ?"

வீட்டுச் சாவி ஒன்று தந்தார்.

14 ஏப்ரல், சித்திரைப் புத்தாண்டு

தெருமுனை மெஷினில் பிடிக்கிற சுத்தத் தண்ணீரை இத்தனை நாள் என் வீட்டில் பிளாஸ்டிக் வாளியில் வைத்திருந்தேன். பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது. நாம் ஒரு நல்ல காரியத்துக்கு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரையா எடுப்போம்? ஜோகூர் பாருவுக்குப் போய் ஒரு செப்புக் குடம் வாங்கி வந்தேன். புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, முருகன் படத்துக்கு முன்னால் நிரப்பி வைத்தேன். இனிமேல் ராத்திரி முழுக்கச் சாமி முன்னால் இருந்த தண்ணீர்தான் காலையில் அந்தத் தொட்டிக்குப் போகும்.

மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்று கேட்பார். நான் என்னவென்று சொல்வது?

4 மே

பவளம் மூன்று துண்டு, கோடு போட்ட இறால் இரண்டு, நத்தை ஆறு, ஆரஞ்சு நிற மீன் இரண்டு. எல்லாம் இறங்கின. மேடம் முக்காலி போட்டுக்கொண்டு இரண்டு மணிநேரம் அசையவில்லை.

5 மே

பஸ்ஸில் பேச்சியம்மாள், இரண்டாவது சீட், வாய்க்குப் பூட்டே கிடையாது: "என்னாண்ணே, இப்பல்லாம் சட்டைல பவுடர் வாசம் தூக்குது?"

"உன்னோட போட்டி போட வேண்டாமா லா?"

"எனக்கா போடறீங்க, அந்த மீன்காரம்மாவுக்குல்ல!"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த சிக்னலைப் பார்க்காமல் தாண்டப் போனேன்.

8 ஜூன்

டீ கொடுத்தார். இரண்டு பேரும் கீழ்த் தொட்டியின் பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நூல்கண்டு மாதிரி சுருண்டு, மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. "இவர் இருந்திருந்தால் இதைப் பார்த்துப் பேசாமல் இருந்திருப்பார்" என்றார். புருஷனைச் சொன்னார். "அவர் படுக்கையில கிடந்த நேரம் மருந்தெல்லாம் நான்தான் குடுத்தது. கடைசியில நான் ஏதும் பிழையாக் குடுத்திட்டனோ எண்டு இப்பவும் நினைப்பன்."

அப்படி இல்லைங்க என்று சொல்லவேண்டும். வேறொன்றும் சொல்லவேண்டும். நான் சொன்னது: "டீல சீனி கம்மி மேடம்."

முட்டாள்.

6 ஜூலை

ஒரு நத்தை குப்புற விழுந்து கிடந்தது. திருப்பி வைத்தேன். மறுபடி விழுந்தது.

10 ஜூலை

நத்தை எல்லாம் போய்விட்டது. ஒரு இறாலும். தண்ணீரில் கோளாறு, நல்ல தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகத் தேவை என்று நினைத்து, இன்றைக்கு ஒரு சாடிக்கு இரண்டு சாடியாக விட்டேன்.

13 ஜூலை

பவளம் மூன்றும் சுருங்கிவிட்டன. நேற்றுவரை பூ மாதிரி இருந்தவை. மேடம் புத்தகத்தைப் புரட்டுகிறார், தண்ணீரைச் சோதிக்கிறார், உப்பு சரி, சூடு சரி, எல்லாம் சரி. தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்ர கைதான். நான் தொட்டது எது நிண்டது?"

20 ஜூலை

பாசியும் வெளுத்துக் கரைகிறது. மீன் இரண்டு மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் சுற்றுகின்றன. முருகா, நான் தினமும் கும்பிட்டுத்தானே ஊற்றுகிறேன்.

27 ஜூலை, ஞாயிறு

மேடத்துக்குச் சொல்லாமல் ஒரு போத்தலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு தெப்ராவுக்குப் போனேன். தவுக்கே கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஏதோ மருந்து சொட்டினார். நிறம் மாறியது. அவர் முகமும் மாறியது.

"இதுல செம்பு இருக்கு" என்றார் மலாயில். "செம்புக் குழாய் போட்டீங்களா? காசு எதுவும் உள்ள விழுந்துச்சா?"

"செம்பு இருந்தா என்ன?"

"மீன் தாங்கும். மத்ததுக்கெல்லாம் விஷம். இறால், நத்தை, பவளம்... பாசியும் தாங்காது. கொஞ்சங்கொஞ்சமா சேர்ந்திருக்கும்."

கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். தவுக்கே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். 

நம்ம வீட்டுல பச்சப்புள்ளைக்கும் செப்புக் குடத்துலேருந்து குடுக்கற தண்ணிதானே. நல்லதுன்னுதானே. நான்தான். நான்தான் கொன்னேன். ஒவ்வொரு நாளும் காலைல. கும்பிட்டுட்டு.

28 ஜூலை

சொல்லவில்லை.

3 ஆகஸ்ட்

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போனேன். மேடம் செத்த பவளத்தை ஒரு தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் என் முகத்தில் விழிப்பாரா? இனி எந்தச் சாவியை எவன் கையில் கொடுப்பார்? வேலியோரம் நின்று பேசுகிற அந்த ஐந்து நிமிஷமும் போய்விடும்.  பாசியையாவது மறுபடி வாங்கி வைக்கலாமே என்று மட்டும் கேட்டேன்.

"வேண்டாம். இன்னொரு உயிரையும் ஏன்?" என்றார்.

10 ஆகஸ்ட்

மேடம் தயானந்தனிடம் 'ஓம்' என்று சம்மதம் சொல்லிவிட்டார். ஸ்பீக்கரில்தான். ஒரே ஒரு 'ஓம்'. அவன் அந்தப் பக்கம் சந்தோஷத்தில் கத்தினான்.

வீட்டை வாங்கப் பார்க்க அடுத்த வாரமே ஆள் வருகிறதாம்.

17 ஆகஸ்ட்

சொல்லிவிட்டேன்.

மேடம் ஹாலில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே, "மேடம், உங்க கை இல்ல. என் கை" என்று ஆரம்பித்தேன். குடம், சாமி படம், தவுக்கேயின் சோதனை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கையிலிருந்த புத்தகத்தைத் தரையில் வைத்தார்.

"அந்தக் குடத்தைக் கொண்டுவாருங்கோ."

கொண்டுவந்தேன். உள்ளே பார்த்தார். வெளியே காய்ந்து போயிருந்த மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எப்ப தெரியும்?"

"மூணு வாரமாச்சு."

"மூண்டு கிழமை." மெதுவாகச் சொன்னார். "நான் மூண்டு கிழமையா என்ர கையைப் பார்த்துக்கொண்டு இருந்தன், தங்கராஜு. நீங்கள் எதிர்ல நிண்டு பார்த்துக்கொண்டு இருந்தியள்."

திட்டியிருக்கலாம். குடத்தைத் தூக்கி எறிந்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. கீழே வைத்துவிட்டு, என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "செம்பு நஞ்செண்டு உங்களுக்குத் தெரியாது. அது பிழையில்லை. ஆனா தண்ணியைச் சாமிக்கு முன்னால ஏன் வச்சீங்கள்? மூண்டு மாசத்துக்கு மேல, ஒரு நாள் விடாம. ஏன்?"

இதுதான். என் ஆயுசில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. பதில் நாக்கு நுனியில் நின்றது. நீங்க போகக் கூடாதுன்னு. மூன்றே வார்த்தை.

நான் சொன்னேன்: "மீனு பரீட்சைல பாஸாகட்டும்னுதான் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. காத்திருந்தார். நன்றாகத் தெரிந்தது, காத்திருந்தார். "ஒருக்காவாவது பகிடி விடாமச் சொல்லுங்கோ" என்றார்.

வரல. வாயே வரல எனக்கு. வண்டி நிறைய ஆளை வச்சுக்கிட்டு விடிஞ்சதுலேருந்து வாயடிக்கறவன், ஒரு பொம்பளை முன்னால நின்னு மூணு வார்த்தை சொல்லத் தெரியல. குனிஞ்சு தரையப் பாத்தேன். தரையில அவங்க புத்தகம்தான் கிடந்துச்சு.

பிறகு அவரே, "சரி. அந்தப் பெட்டியை ஒருக்காப் பிடியுங்கோ, பாரமா இருக்கு" என்றார்.

பிடித்தேன்.

31 ஆகஸ்ட்

தொட்டியைக் காலி செய்தோம். குழாயை நான் கழற்றினேன். காகிதம் எதுவும் தேவைப்படவில்லை. மீன் இரண்டும் என் வீட்டில், ஒரு சின்னத் தொட்டியில். "பிறகு கடையில குடுத்திடுங்கோ, அதுகளாவது இருக்கட்டும்" என்றார்.

14 செப்டம்பர்

செனாய் விமான நிலையம். கோலாலம்பூர் போய் அங்கிருந்து மெல்பர்ன். கார் பிடித்துத் தருகிறேன் என்றேன், "உங்கட பஸ்ஸிலயே போவம்" என்றார். என் பின் சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடியில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது. வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். 

இறங்கும்போது, "நீங்கள் நல்ல மனுசன், தங்கராஜு" என்றார். அதற்கு மேல் ஏதாவது வரும் என்று நின்றேன். என்னிடமிருந்தும் அதற்கு மேல் ஏதாவது வரவேண்டும் என்று அவரும் நின்ற மாதிரி இருந்தது. பின்னால் ஒரு டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான்.

"ஸ்வெட்டர் கைப்பையிலயே இருக்கட்டும், பிளேன்ல குளிரும்" என்றேன்.

"ஓம்" என்றார்.

15 செப்டம்பர்

காலை டிரிப், மாலை டிரிப். பேச்சியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போது தான் கட்டிவந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

21 செப்டம்பர், ஞாயிறு

மீன் இரண்டையும் பையில் போட்டு, தெப்ராவ் கடைக்கு எடுத்துப் போனேன். தவுக்கே பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கின்றன என்றார். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தண்ணீர் பழகட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தோம்.

"உங்க மனைவி இன்னைக்கு வரலையா?" என்று கேட்டார்.

நாங்கள் சேர்ந்து நான்கைந்து தடவை வந்திருப்போம். இத்தனை நாளும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

"மகன் வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றேன்.

"எப்ப வருவாங்க?"

"ஒண்ணும் சொல்லல."